சராசரி மட்டும் போதுமா?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர்கள் நம் முன்னோர்கள். எழுத்தின் பெருமையைக் கூறும் கட்டுரைகளும் கவிதைகளும் பள்ளி மலர்களில் நிறையவே இடம்பெறுகின்றன. எண்ணின் பயனைக் கூறுவன அருகியே காணப்படுகின்றன. அக்குறையைச் சிறிதேனும் போக்கும் நோக்குடன், மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் தோட்டப் பாட்டாளி மக்களுக்கும் ஒருங்கே பயன்படக்கூடிய ஒரு கணக்கை இங்கே விளக்க முற்படுகின்றோம்.

'சராசரி' என்னும் சொல்லை அறியாதார் இலர். வகுப்பின் சராசரி மதிப்பெண் இவ்வளவு என்று ஆசிரியர் கூறுகின்றார். ஆளொன்றுக்குச் சராசரியாக இத்தனை குலைகள் வெட்டப்பட்டன என்று தோட்ட அலுவலகத்தில் கூறுகின்றனர். நாட்டின் சராசரிக் குடும்ப வருமானம் இத்தனை வெள்ளி என்று நாளேடு கூறுகின்றது. கேட்டவுடன், "நாம் அதற்கு மேலா, கீழா?" என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கின்றோம். கீழ் என்று கண்டால் மனம் வாடுகின்றோம். ஆனால் அந்த எண் எவ்வாறு பிறந்தது, அஃது எதைக் கூறுகின்றது, எதைக் கூறாமல் விடுகின்றது என்று வினவுவோர் மிகச் சிலரே.

ஒரு கூட்டமாக உள்ள பல எண்களுக்குப் பதிலாக ஒரே ஓர் எண்ணை முன்னிறுத்துவதற்கு மூன்று வழிகள் உள்ளன. அவை சராசரி, நடுவெண், முகடு என்பன. மலாய்மொழிப் பாடநூல்கள் இவற்றை முறையே மின், மெடியன், மோட் என்று வழங்குகின்றன. தமிழகப் பாடநூல்களில் நடுவெண்ணை இடைநிலை அளவு என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இம்மூன்றையும் அறிவோம். ஒரு வகுப்பில் ஒன்பது மாணவர்கள் உள்ளனர். ஒரு மாதத்தில் அவர்கள் படித்து முடித்த கதைப் புத்தகங்களின் எண்ணிக்கை வருமாறு:

4, 3, 24, 5, 3, 2, 6, 4, 3

இவ்வகுப்பில் ஒரு மாணவர் எத்தனை புத்தகங்கள் படிக்கின்றார் என்று எவரேனும் நம்மைக் கேட்டால் என்ன விடை கூறுவது?

சராசரி காணும் முறை

முதலில் எல்லா எண்களையும் கூட்ட வேண்டும். பின்னர், எத்தனை எண்கள் உள்ளனவோ அத்தொகையால் வகுக்க வேண்டும். மேற்கண்ட எண்களின் கூட்டுத்தொகை 54. மாணவர் ஒன்பதின்மர். 54 ஐ 9 ஆல் வகுத்தால் 6 கிடைக்கின்றது. ஆகவே சராசரி 6.

இதன் பொருளைப் பால்மரம் வெட்டும் பெற்றோர் எளிதில் உணர்வர். ஒன்பது பேர் கொண்டுவந்த வாளிப் பாலை எல்லாம் ஒரே தொட்டியில் ஊற்றி, மீண்டும் ஒன்பது வாளிகளில் ஒரே அளவாக நிரப்பினால், ஒவ்வொரு வாளியிலும் இருப்பதே சராசரி. அதிகம் கொண்டுவந்தவரிடமிருந்து எடுத்துக் குறைவாகக் கொண்டுவந்தவருக்குக் கொடுத்துச் சமமாக்கிய அளவு அது. ஆங்கிலேயர் வழங்கும் 'எவரேஜ்' என்னும் சொல்லின் வேர் அரபு மொழியில் உள்ளது என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். கப்பலில் சரக்குகள் சேதமுற்றபோது, அந்த இழப்பை வணிகர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட வழக்கத்திலிருந்து அச்சொல் வளர்ந்தது. பங்கிடுதலே சராசரியின் உயிர் என்பது இதனாலும் விளங்கும்.

நடுவெண் காணும் முறை

இதற்குக் கூட்டலும் வகுத்தலும் தேவையில்லை. எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்த வேண்டும். காலைச் சபைகூடலில் மாணவர்களை உயரப்படி நிறுத்துவது போன்றதே இது.

2, 3, 3, 3, 4, 4, 5, 6, 24

ஒன்பது எண்களில் நடுவில் நிற்பது ஐந்தாவது எண். அதற்கு முன்னே நான்கு எண்களும் பின்னே நான்கு எண்களும் உள்ளன. அந்த எண் 4. ஆகவே நடுவெண் 4.

எண்களின் தொகை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் இரண்டு எண்கள் நிற்கும். அவ்விரண்டையும் கூட்டி 2 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். எண்களை வரிசைப்படுத்தாமல், கொடுக்கப்பட்டபடியே நடுவிலுள்ளதை எடுத்துவிடுவது மாணவர் பலர் செய்யும் தவறு. கொடுக்கப்பட்ட வரிசையில் நடுவில் இருப்பது 3. அது நடுவெண் அன்று.

முகடு காணும் முறை

அதிக முறை வரும் எண்ணே முகடு. நம் எடுத்துக்காட்டில் 3 என்னும் எண் மூன்று முறை வருகின்றது. 4 இருமுறை வருகின்றது. ஏனையவை ஒவ்வொரு முறையே வருகின்றன. ஆகவே முகடு 3.

வீட்டுக் கூரையின் உச்சியை முகடு என்கின்றோம். இவ்வெண்களைப் பட்டைக் குறிவரைவாக வரைந்தால் எந்தப் பட்டை உயர்ந்து நிற்கின்றதோ அதுவே முகடாகும். சில வேளைகளில் இரண்டு முகடுகள் அமைதலும் உண்டு. எல்லா எண்களும் ஒரே ஒரு முறை மட்டும் வந்தால் முகடு இல்லை எனக் கொள்ள வேண்டும்.

எண்ணல்லாதவற்றுக்கும் முகடு காணலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. மாணவர் பள்ளிக்கு வரும் வழிகள் நடை, மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், வேன் எனப் பலவாகும். இவற்றைக் கூட்டி வகுக்க இயலாது. சிறியது பெரியது என வரிசைப்படுத்தவும் இயலாது. ஆனால் மிகுதியானோர் எவ்வாறு வருகின்றனர் என்று கூற இயலும்.

மூன்று விடைகளும் சரியா?

ஒரே வகுப்பு, ஒரே மாதம், ஒரே ஒன்பது எண்கள். ஆயினும் 6, 4, 3 என மூன்று விடைகள் கிடைத்துள்ளன. இவற்றுள் எது சரி என்று மாணவர்கள் கேட்பது இயல்பே. மூன்றும் சரியே. ஏனெனில் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்குரிய விடைகள்.

எல்லாப் புத்தகங்களையும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை என்ற கேள்விக்கு விடை 6. வரிசையின் நடுவில் நிற்கும் மாணவர் எத்தனை படித்தார் என்ற கேள்விக்கு விடை 4. மிகுதியான மாணவர் எத்தனை படித்தனர் என்ற கேள்விக்கு விடை 3.

"எம் மாணவர்கள் சராசரியாக மாதம் ஆறு புத்தகங்கள் படிக்கின்றனர்" என்று அறிக்கையில் எழுதினால் அது பொய்யன்று. ஆனால் ஆறுக்கு மேல் படித்தவர் ஒருவரே. சரியாக ஆறு படித்தவரும் ஒருவரே. ஏனைய எழுவரும் அதற்குக் கீழே உள்ளனர். 24 புத்தகங்கள் படித்த ஒரு மாணவரின் உழைப்பு, வகுப்பு முழுவதும் செழித்திருப்பதாகக் காட்டிவிட்டது. அறிக்கையைக் கண்டு மகிழ்ந்து, வாசிப்புப் பயிற்சி இனித் தேவையில்லை என்று நாம் இருந்துவிட்டால் நட்டம் அந்த எழுவருக்கே.

முகடு பயன்படும் இடம் ஒன்றையும் காண்போம். பத்து மாணவர்களின் காலணி அளவு 3, 3, 4, 2, 3, 5, 4, 3, 4, 3 எனக் கொள்வோம். சராசரி 3.4 ஆகும். அந்த அளவுள்ள காலணி எந்தக் கடையிலும் கிடைக்காது. கடைக்காரருக்கு வேண்டுவது முகடாகிய 3. அந்த அளவையே அவர் மிகுதியாக வாங்கி வைப்பார்.

ஒரு பெரிய எண் செய்யும் வேலை

ஒரு லயத்தில் ஐந்து குடும்பங்கள் வாழ்வதாகக் கற்பனை செய்வோம். அவற்றின் மாத வருமானம் 1,700, 1,800, 1,900, 2,000, 2,100 வெள்ளி. சராசரி 1,900. நடுவெண்ணும் 1,900. இரண்டும் ஒன்றே.

இப்பொழுது அருகிலுள்ள பங்களாவில் வாழும் நிர்வாகியின் வருமானமாகிய 12,100 வெள்ளியையும் சேர்த்துக் கணக்கிடுவோம். ஆறு குடும்பங்களின் மொத்த வருமானம் 21,600. சராசரி 3,600 வெள்ளி! நடுவில் நிற்கும் 1,900, 2,000 ஆகிய இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுவெண் 1,950.

லயத்தில் எவருக்கும் ஒரு காசு கூடுதலாகக் கிடைக்கவில்லை. ஆயினும் சராசரி ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. 3,600 வெள்ளியைச் சம்பளமாகக் கையில் வாங்கியவர் அந்த அறுவருள் ஒருவரும் இலர். "இப்பகுதி மக்களின் சராசரி வருமானம் 3,600 வெள்ளி; ஆகவே உதவி வேண்டியதில்லை" என்று எவரேனும் முடிவுசெய்தால் லயத்து மக்களின் நிலை என்னாகும்? நடுவெண்ணோ ஐம்பது வெள்ளி மட்டுமே நகர்ந்தது. மிகப் பெரிய எண்ணோ மிகச் சிறிய எண்ணோ புகுந்துவிடும்போது நடுவெண் எளிதில் அசைவதில்லை என்பதை இதனால் அறியலாம்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. மலேசியப் புள்ளிவிவரத் துறை குடும்ப வருமானத்தை ஆராய்ந்து வெளியிடும் அறிக்கைகளில் இரண்டு எண்களையும் அருகருகே தருகின்றது. 2022 ஆம் ஆண்டில் மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 வெள்ளி. நடுவெண் 6,338 வெள்ளி. அதே ஆண்டில் நம் ஜொகூர் மாநிலத்தின் சராசரி 8,517 வெள்ளி. நடுவெண் 6,879 வெள்ளி. ஜொகூர்க் குடும்பங்களில் ஒரு பாதி 6,879 வெள்ளிக்கு மேற்படாத வருமானம் உடையவை என்பது இதன் பொருள். ஆகவே 8,517 என்னும் சராசரியைத் தொடாத குடும்பங்கள் பாதிக்கும் அதிகமானவை. நாளேட்டில் சராசரியை மட்டும் படித்துவிட்டு, "நாம் மட்டும் பின்தங்கிவிட்டோமோ" என்று வருந்தும் தந்தைக்கு நடுவெண் ஒரு தெளிவைத் தருகின்றது.

அரசாங்கம் வழங்கும் 'பி40' என்னும் பிரிவும் வரிசைப்படுத்தும் இம்முறையிலேயே அமைந்தது. நாட்டின் எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி, கீழிருந்து நூற்றுக்கு நாற்பது பங்கை எண்ணிக் கோடு போடுகின்றனர். நடுவெண் காணும்போது ஐம்பதில் நிற்கின்றோம். இங்கே நாற்பதில் நிற்கின்றோம். வேறுபாடு அவ்வளவே.

சந்தையில் நடந்த ஒரு நிகழ்ச்சி

நடுவெண்ணின் வலிமையை உலகுக்கு எடுத்துக்காட்டியவருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் பிரான்சிஸ் கால்டன். 1906 ஆம் ஆண்டில் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு போட்டி வைத்தனர். ஒரு கொழுத்த எருதைக் காட்டி, அதை அறுத்துத் துப்புரவு செய்தபின் இறைச்சி எத்தனை இராத்தல் இருக்கும் என்று கணிக்கச் சொன்னார்கள். கட்டணம் செலுத்திப் பலரும் சீட்டில் எழுதிப் போட்டனர். கால்டன் அச்சீட்டுகளைப் பின்னர்ப் பெற்று ஆராய்ந்தார். படிக்கத்தக்கவை 787 சீட்டுகள். அவற்றை வரிசைப்படுத்தி நடுவெண்ணைக் கண்டார். அது 1,207 இராத்தல். உண்மையான எடை 1,198 இராத்தல் என்று அவர் குறித்தார். நூற்றுக்கு ஒன்று அளவே பிழை!

எவரேனும் ஒருவர் விளையாட்டாகப் பத்தாயிரம் என்று எழுதிப்போட்டாலும் சராசரி ஏறிவிடும். நடுவெண் அசையாது என்பதே அவர் அதைத் தேர்ந்தமைக்குக் காரணம். ஆயினும் சராசரியையும் கணக்கிட்டபோது அது 1,197 எனக் கண்டனர். உண்மைக்கு அது இன்னும் நெருக்கமானது. ஆகவே நடுவெண் உயர்ந்தது, சராசரி தாழ்ந்தது என்று முடிவுகட்டலாகாது. எண்கள் இருபுறமும் ஒழுங்காகப் பரவியிருக்கும்போது சராசரி சிறந்த துணையே.

பள்ளியில் நாம் கற்ற பாடம்

சராசரியைப் பற்றி நாமும் ஒரு காலத்தில் தவறாகவே எண்ணியிருந்தோம். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

1988 ஆம் ஆண்டில் தொடங்கி, 2021 ஆம் ஆண்டில் அகற்றப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சராசரித் தரம் கணக்கிடப்பட்டது. 'ஏ' தரத்திற்கு 1, 'பி' தரத்திற்கு 2 எனத் தொடங்கி 'இ' தரத்திற்கு 5 வரை எண் கொடுத்துச் சராசரி காண்பர். எண் குறையக் குறையப் பள்ளிக்குப் பெருமை.

முன்பு பணியாற்றிய ஒரு சிறிய பள்ளியில் எட்டு மாணவர்கள் தேர்வெழுதினர். ஒரு பாடத்தில் அவர்கள் பெற்ற தரங்கள் 1, 2, 2, 2, 2, 2, 2, 3. சராசரி 2.00. அடுத்த ஆண்டும் எண்மரே எழுதினர். அவர்கள் பெற்றவை 1, 1, 2, 2, 2, 2, 2, 5. சராசரி 2.13. 'ஏ' பெற்றவர் ஒருவராக இருந்து இருவராயினர். ஆயினும் பள்ளியின் நிலை தாழ்ந்துவிட்டதாகக் கணக்குக் காட்டியது. "அந்த ஒரு பையனால் சராசரி கெட்டது" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம்.

அந்த மாணவரின் தாயார் நோயுற்றிருந்தார். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காக அவர் பல நாள்கள் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்த உண்மை நம் கண்முன்னேதான் இருந்தது. ஆண்டு முழுவதும் அதைக் கண்டும் காணாதவராக இருந்தவர்கள் நாமே.

இவ்விரண்டு ஆண்டுகளின் நடுவெண்ணைக் கண்டுபாருங்கள். முதலாண்டில் 2, அடுத்த ஆண்டிலும் 2. முகடும் அவ்வாறே. இரண்டும், "எல்லாம் முன்போலவே உள்ளன" என்று கூறி அமைதியாக இருந்துவிட்டன. அந்த ஒரு பிள்ளையை அவை காணவே இல்லை. சற்றே அசைந்து கொடுத்தது சராசரி ஒன்றுதான். சராசரி குலைந்ததை அப்பிள்ளையின் குற்றமாக நாம் படித்தோம். "இங்கே ஒரு பிள்ளை தனித்து நிற்கின்றது, சென்று பாருங்கள்" என்றுதான் அதைப் படித்திருக்க வேண்டும்.

காலம் கடந்து உணர்ந்தோம். ஆண்டிறுதி விடுமுறையில் மாலைதோறும் அம்மாணவரின் வீட்டுக்கே ஆசிரியர் ஒருவர் சென்று, புகுமுக வகுப்புக்குப் போகுமுன் வாசிப்பைச் செம்மைப்படுத்தினார். அதனால் பள்ளியின் சராசரி மாறவில்லை. ஏடு அதற்குள் மூடப்பட்டுவிட்டது. பிள்ளை தடுமாற்றமின்றிப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

ஆற்றின் ஆழம்

இம்மூன்றையும் அறிந்துகொண்டால் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. தோட்டத்து ஆற்றில் ஐந்து இடங்களில் ஆழம் பார்த்ததாகக் கொள்வோம். அவை 2, 3, 3, 4, 8 அடி. சராசரி 4 அடி. நடுவெண் 3 அடி. முகடும் 3 அடி. ஐந்தடி உயரமுள்ள ஒரு சிறுவன் இம்மூன்று எண்களையும் நம்பி ஆற்றில் இறங்கினால் எட்டடிக் குழியில் உயிரை இழப்பான்.

இத்தகைய இடங்களில் நாம் கேட்க வேண்டுவது மிகப் பெரிய எண் எது என்பதே. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் வருவது வீச்சு. இங்கே வீச்சு 6 அடி. வீச்சு பெரிதாயின் எண்கள் பெரிதும் வேறுபடுகின்றன என்று அறிந்து எச்சரிக்கை கொள்ள வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் சிகாமட், கோத்தா திங்கி முதலிய இடங்களை வெள்ளம் சூழ்ந்து, இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறியதைப் பெரியோர் நன்கு அறிவர். வெள்ளத்தைக் கொண்டுவந்தது ஆண்டின் சராசரி மழையன்று. சில நாள்களில் கொட்டித் தீர்த்த பெருமழையே.

பயிற்சிக் கணக்கு

மாணவர்கள் இதனைப் பெற்றோருடன் அமர்ந்து செய்ய வேண்டுகின்றோம். செம்பனைத் தோட்டமொன்றில் எழுவர் ஒரு நாளில் வெட்டிய குலைகள் வருமாறு: 74, 68, 133, 60, 77, 68, 80. சராசரி, நடுவெண், முகடு, வீச்சு ஆகியவற்றைக் காண்க. சராசரிக்குக் கீழே வெட்டியவர் எத்தனை பேர்? அவர்களைச் சோம்பேறிகள் என்று கூறுதல் தகுமா?

விடை: கூட்டுத்தொகை 560, சராசரி 80. நடுவெண் 74. முகடு 68. வீச்சு 73. சராசரிக்குக் கீழே உள்ளவர் ஐவர். எழுவரில் ஐவர் சராசரிக்குக் கீழே உள்ளனர் என்றால் அதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பல் என்று இந்த எண்கள் கூறவில்லை. 133 குலைகள் வெட்டிய ஒருவரே சராசரியை உயர்த்தினார். அவருக்குக் கிடைத்த நிலம் மேடா சமதரையா, மரங்கள் இளையவையா முதியவையா என்று கேட்டறிந்த பின்னரே எவரையும் பற்றிப் பேச வேண்டும்.

மாணவச் செல்வங்களே, சராசரி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், "நடுவெண் எவ்வளவு? முகடு எது? மிகப் பெரியதும் மிகச் சிறியதும் எவை?" என்று கேட்கப் பழகுங்கள். பெற்றோர்களே, வகுப்பின் சராசரியோடு உங்கள் பிள்ளையை ஒப்பிட்டு மனம் நோகாமல், சென்ற ஆண்டில் அதே பிள்ளை எங்கே நின்றது என்று பாருங்கள். பாட்டாளி மக்களே, உங்கள் உழைப்பை அளக்கும் எண் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்று பணிவுடன் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆசிரியர்களாகிய நாமும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு பிள்ளை நிற்கின்றது என்பதை மறவாதிருப்போம்.